ஆபீஸ் மேசைக்கு ஹெட்ஃபோன் ஆம்ப்: சேலத்துக்கு ஒண்ணு, ஏற்காட்டுக்கு வேற ஒண்ணு

ஆபீஸ்ல வேல பாத்துக்கிட்டே பாட்டு கேக்கறதுக்கு சின்னதா ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப் (ஹெட்ஃபோனுக்குப் போற சிக்னலுக்கு பலம் ஏத்தற பெட்டி) வாங்கணும்னு நெனைக்கிறவங்க முக்காவாசிப் பேரு மொதல்ல பாக்கறது அது எத்தன மில்லிவாட் குடுக்குதுங்கறதத்தான். எனக்கு அதுல உடன்பாடு இல்லீங்க. வீட்டுல தனி ரூம்ல சாஞ்சு உக்காந்து கேக்கறதுக்கு அது ஒரு கணக்கு, ஆனா ஆபீஸ் மேசைக்கு வாட்ங்கறது கடைசியா பாக்க வேண்டிய சங்கதி. ரூம்ல எவ்ளோ சத்தம், கரண்ட் எப்படி வருது, கம்ப்யூட்டர் யாரோடது, சார் கூப்பிட்டா எவ்ளோ சீக்கிரம் சத்தத்தக் கொறைக்கணும், மீட்டிங்குக்கு மைக் வேணுமா, இதுங்கதான் எதை வாங்கணும்னு முடிவு பண்ணும்.

இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நான் இருக்கறது சேலம் அஞ்சு ரோடு பக்கத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல. கூட காலேஜ் படிச்ச மாப்ள ஒருத்தன் ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்கறான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாங்கலாம்னு பேச ஆரம்பிச்சு, ஒரே லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா அடிச்சிக்கிட்டே வந்தோம், கடைசில ரெண்டு பேரும் வேற வேற வாங்கினோம். அதுலயும் அமைதியான ரூம் இருக்கறவன் மூன்டிராப் டான் ப்ரோன்னு யூஎஸ்பில சொருகற சின்ன டாங்கிள் வாங்கினான், சத்தமான ரூம்ல இருக்கற நான் ஃபியோ கே11னு பெரிய பெட்டி வாங்கினேன். பொதுவா எல்லாரும் இதத் தலைகீழாத்தான் சொல்லுவாங்க. ஏன் இப்படி ஆச்சுன்னு சொன்னா உங்க மேசைக்கு எது ஒத்து வரும்னு நீங்களே கண்டுபிடிச்சிரலாம்.

மொதல்ல ஹெட்ஃபோன், ஏன்னா ஹெட்ஃபோன் தெரியாம ஆம்ப் பத்திப் பேசறதுல அர்த்தமே இல்ல. என்கிட்ட இருக்கறது பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம் மாடல் (ஓம்ங்கறது கரண்ட்டுக்கு அது காட்டற எதிர்ப்போட அளவு). காது முழுசா மூடற குளோஸ்ட் பேக், வெளிச்சத்தத்த சுமாரா 18 டெசிபல் கொறைக்கும்னு கம்பெனியே போட்டிருக்கு. எங்க ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழ பஸ் ஹாரன், உள்ள பிரிண்டர், ஃபேன், நாலு பேரு போன்ல கிளையண்ட்கூட கத்திக்கிட்டிருப்பாங்க, இதுல பின்பக்கம் தொறந்திருக்கற ஓப்பன் பேக் ஹெட்ஃபோன் போட்டா வெளிச்சத்தத்த அமுக்கறதுக்குன்னே வால்யூம ஏத்துவோம், நம்ம பாட்டும் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேக்கும், ரெண்டுமே நல்லதில்ல. இன்னொரு சவுகரியம், 80 ஓம் மாடலுக்கு காதுல படற பஞ்சு வெல்வெட் மாதிரி துணி. சேலத்துல ஏப்ரல் மே மாசத்துல தோல் பேடு போட்டுக்கிட்டு உக்காந்து பாருங்க, அப்ப தெரியும் அந்தத் துணியோட அருமை. ஒரே தொல்லை வயரு, 3 மீட்டர் நீளம், கழட்டவும் முடியாது. சுழல்நாற்காலி சக்கரத்துல மாட்டாம இருக்க சுருட்டி ஒரு வெல்க்ரோ பட்டை போட்டு மேசைக்கு அடியில கட்டி வச்சிருக்கேன்.

மாப்ள வச்சிருக்கறது ஹைஃபைமேன் ஹெச்ஈ400எஸ்ஈ. ஓப்பன் பேக், பிளேனார் (தட்டையான மெல்லிசு படலம் அதிர்ந்து சத்தம் தர்ற வகை), 25 ஓம், சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு மில்லிவாட் குடுத்தா வர்ற சத்தம், 91 டெசிபல். அவன் ரூம்ல அவன் மட்டும்தான், வெளிய சில்வர் ஓக் மரத்துல காத்தடிக்கற சத்தத்தத் தவிர பெருசா ஒண்ணும் கெடையாது. யாரு கூப்பிட்டாலும் ஹெட்ஃபோன கழட்டாமயே கேக்கும். அங்க ஓப்பன் பேக்தான் சரி, அதுல சந்தேகமே இல்ல.

இப்ப கணக்குக்கு வாங்க. ஆபீஸ்ல வேலையோட சேத்துக் கேக்கும்போது சராசரியா 70லேந்து 75 டெசிபல் போதும், பாட்டுல தடார்னு வர்ற எடங்களுக்கு அதுக்கு மேல 20 டெசிபல் சேத்துக்குங்க, ஆக உச்சம் 95. என்னோட டிடி 770க்கு சென்சிட்டிவிட்டி ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல், அப்ப 95க்கு வேணுங்கறது ஒரு மில்லிவாட் கூட இல்ல, வோல்ட்ல சொன்னா கால் வோல்ட். மாப்ளயோட ஹெச்ஈ400எஸ்ஈ "பவர் குடிக்கும்"னு பேர் வாங்கினது, அதுக்கே ரெண்டரை மில்லிவாட்தான், அதுவும் அதே கால் வோல்ட். 300 ஓம் சென்ஹைசர் ஹெச்டி 600ஐ எடுத்தாலும் அரை வோல்ட்டத் தாண்டாது. ஆப்பிள் விக்கிற சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள் இருக்கே, அதோட ஐரோப்பா மாடலத் தவிர மத்தது ஒரு வோல்ட் குடுக்கும். அதாவது வெலை சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கெடைக்கற அந்த வால்துண்டே இந்த மூணு ஹெட்ஃபோனையும் ஆபீஸ் சத்தத்துக்கு தாராளமா ஓட்டிரும். 2000 மில்லிவாட்னு போட்டிருக்கற பெட்டிய ஆபீஸ்ல வச்சு நாம உபயோகிக்கறது அதுல ஆயிரத்துல ஒரு பங்கு.

அமெரிக்காவுல தொழிலாளர் உடல்நலத்துக்கான நியோஷ் அமைப்பு சொல்றது 85 டெசிபல்ல 8 மணி நேரம்தான் வரம்பு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88ல 4 மணி, 91ல 2 மணி. ஜிஎஸ்டி ரிட்டர்ன் 20ஆம் தேதி நெருங்கற வாரத்துல நாங்க மேசைய விட்டு எந்திரிக்கறதே இல்ல, பூரா நாளும் காதுல மாட்டியிருக்கும், அதனால இந்தக் கணக்க நான் ரொம்ப சீரியஸா எடுத்துக்கறேன். நல்லா மூடற ஹெட்ஃபோன் வாங்கினா வால்யூம் தானா கொறையும், ஆம்ப்புக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி காசு போக வேண்டிய எடம் அதுதான்.

பவர் இவ்ளோ கம்மியா போதும்னா பெரிய ஆம்ப் வாங்கறதுல நஷ்டம் என்ன, இருந்துட்டுப் போகட்டுமேன்னு கேக்கலாம். நஷ்டம் இருக்கு. அனலாக் வால்யூம் குமிழ் வச்ச ஆம்ப்ல, குமிழ ஆரம்பத்துலேந்து கொஞ்சூண்டு திருப்பி வச்சா எடது காதும் வலது காதும் ஒரே அளவுல வராது, ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். அந்தக் குமிழுக்குள்ள ரெண்டு தடம் இருக்கு, ரெண்டும் அடிமட்டத்துல சரியா பொருந்தாது, நடுவாக்குல வந்தாத்தான் பொருந்தும். ரொம்ப பவரான ஆம்ப்ல ஆபீஸ் சத்தத்துல கேட்டா நாம எப்பவுமே அந்த அடிமட்டத்துலதான் இருப்போம், பாடறவங்க நடுவுல நிக்காம ஒரு காதுப் பக்கம் ஒதுங்கி நிப்பாங்க. அதனால ஆபீஸுக்கு வாங்கறவங்க கெயின் சுவிட்ச் (ஆம்ப் எத்தன மடங்கு பெருக்கணும்னு வைக்கறது) இருக்கா, அதுல லோ கெயின் நெஜமாவே லோவா இருக்கானு பாக்கணும், இல்லேன்னா டிஜிட்டலா வால்யூம் மாத்தற ஆம்ப்பா பாக்கணும், அதுல எந்த அளவுலயும் ரெண்டு பக்கமும் சமமாவே இருக்கும். காதுக்குள்ள சொருகற இன்இயர் வச்சிருக்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஹை கெயின்ல வச்சா பாட்டு ஓடாதப்பகூட உஸ்ஸுன்னு சத்தம் கேக்கும்.

அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப் தன் வெளிவாசல்ல வச்சிருக்கற ஓம், அதப் பத்தியும் ரெண்டு வார்த்த. ஆம்ப்போட அவுட்புட் ஓம், ஹெட்ஃபோன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்குக் கீழ இருக்கணும்ங்கறது பொதுவா சொல்ற அளவு. சில கம்ப்யூட்டர் மதர்போர்டு ஜாக்ல அது பல பத்து ஓம் இருக்கும். ஹெச்டி 600 மாதிரி பாஸ் பகுதியில ஓம் எகிறுற ஹெட்ஃபோன அதுல சொருகினா அந்தப் பகுதி மட்டும் தூக்கலா கேக்கும். பிளேனாருக்கு இந்தப் பிரச்சனை இல்ல, அதோட ஓம் எல்லா அலைவரிசையிலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். 2011ல தன் பேரச் சொல்லாம என்டபிள்யூஏவிகைங்கற புனைபேர்ல எழுதின ஒருத்தர் ஓ2னு ஒரு ஆம்ப் சர்க்யூட்ட இலவசமா வெளியிட்டார், இந்த மாதிரி அளந்து பாக்கற பழக்கம் நம்மள மாதிரி சாதாரண ஆளுங்க வரைக்கும் வந்ததுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு, நான் இன்னிக்கும் அவர மரியாதையோட நெனைக்கிறேன். இப்ப வர்ற டாங்கிள்ல இருந்து டெஸ்க்டாப் வரைக்கும் பெரும்பாலானதுல அவுட்புட் ஓம் ஒண்ணு ரெண்டுக்குள்ளதான், அதனால இதுக்காக பயந்து செலவு பண்ண வேண்டாம்.

எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி காசில்லாம ஒண்ணு செஞ்சு பாருங்க. சிபியூ முன்பக்க ஜாக்ல சொருகியிருந்தீங்கன்னா கழட்டி பின்பக்கம் பச்சை ஜாக்ல சொருகுங்க. முன்பக்கத்துக்குப் போற வயரு பெட்டிக்குள்ள மதர்போர்டு மேலயே ஓடி எல்லா இரைச்சலையும் பிடிச்சிக்கிட்டு வரும், பின்னாடி மாத்தினாலே பாதிப் பேருக்கு பிரச்சனை தீந்துரும்.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். டாங்கிள் வகையில ஆப்பிள் டாங்கிள சொல்லிட்டேன், ஒரு விசயம் மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, விண்டோஸ்லயும் ஐபோன்லயும் நல்லா இருக்கும், பல ஆண்ட்ராய்டு போன்ல சத்தம் ரொம்பக் கம்மியா வரும். அதுல ஹெட்செட் மைக்கும் வேல செய்யும், மூணு கோடு போட்ட ஜாக் இருந்தா போதும். அதுக்கு மேல ஃபியோ கேஏ11 இருக்கு, 32 ஓம்ல 245 மில்லிவாட்னு போட்டிருப்பாங்க, அவ்ளோ சின்ன சாமான்ல அது ஆச்சரியமான பவர், ஆனா அதுல பட்டன் எதுவும் கெடையாது, வால்யூம மவுஸ்ல போய் கொறைக்கணும். மூன்டிராப் டான் ப்ரோல சாதா ஜாக்ல ரெண்டு வோல்ட், 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக்ல (எடது வலது ரெண்டுக்கும் தனித்தனி ஜோடி வயரு போறது) நாலு வோல்ட், வால்யூம் பட்டனும் இருக்கு. ஆபீஸுக்குப் பட்டன் இருக்கறதுதான் உசத்தி.

அடுத்தது கம்ப்யூட்டர் யூஎஸ்பிலயே கரண்ட் எடுத்துக்கற சின்ன டெஸ்க்டாப் வகை. ஃபியோ ஈ10கே, டாப்பிங் டிஎக்ஸ்1, ஐஃபை ஜென் டாக் எல்லாம் இதுல வரும். டாக்ங்கறது கம்ப்யூட்டர்லேந்து வர்ற டிஜிட்டல அனலாக்கா மாத்தற பகுதி, இதுங்கள்ல டாக்கும் ஆம்பும் ஒரே பெட்டிக்குள்ள. சேலத்துலயோ வேற எங்கயோ ஆபீஸ்ல இருக்கற ஒருத்தர் வேற எதுவும் சொல்லாம "ஒண்ணு சொல்லுங்க வாங்கிக்கறேன்"னு கேட்டா நான் ஈ10கேதான் சொல்லுவேன். உள்ளங்கைக்குள்ள அடங்குது, தனி பிளக் வேணாம், குமிழ ஒரேயடியா திருப்பினா டிக்னு ஆஃப் ஆகிரும், கெயின் சுவிட்ச், பாஸ் சுவிட்ச், ஸ்பீக்கருக்கு லைன் அவுட், எல்லாம் இருக்கு. குமிழோட அருமை ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். எக்ஸெல் ஷீட் பாதியில நிக்குது, சார் பின்னாடி வந்து "தம்பி, அந்த 26ஏஎஸ் எடுத்தாச்சா"ன்னு கேக்கறார், அந்த நிமிசத்துல டாஸ்க்பார்ல ஸ்பீக்கர் படத்தத் தேடிக்கிட்டிருக்க முடியாது, பாக்காமயே கை போற எடத்துல ஒரு குமிழ் வேணும்.

ஜென் டாக் சத்தம் நல்லாருக்கும், பெட்டியும் அழகு, ஆனா அகலமா இருக்கும், ஃபைல் கட்டு அடுக்கி வச்ச மேசையில அதுக்கு எடம் எங்க. டிஎக்ஸ்1ல சின்ன ஜாக், பெரிய ஜாக் ரெண்டும் இருக்கறது வசதி.

மூணாவது, செவுத்துல பிளக் போட்டு ஓடற வகை. இங்கதான் நம்மூரு கரண்ட் உள்ள வருது, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

இதுல ரெண்டு சாதி இருக்கு. ஃபியோ கே11, கே7 மாதிரி ஆம்ப்புங்க 12 வோல்ட் டிசி அடாப்டர்ல ஓடும். அந்த அடாப்டர் லேப்டாப் சார்ஜர் மாதிரியே எஸ்எம்பிஎஸ், 100லேந்து 240 வோல்ட் வரைக்கும் எது வந்தாலும் வெளிய விடறது அதே 12 வோல்ட்தான். இன்னொரு சாதி, ஜேடிஎஸ் லேப்ஸ் ஆட்டம், டாப்பிங் எல்30 மாதிரி ஆம்ப்புங்க. அதோட அடாப்டர் ஒரு கனமான டிரான்ஸ்ஃபார்மர், ஏசி கரண்ட்ட வாங்கி சின்ன ஏசி கரண்ட்டாவே உள்ள அனுப்பும். அளந்து பாத்தா இந்த ஆம்ப்புங்க அற்புதமா இருக்கும், வெளிநாட்டுல ஆபீஸுக்குன்னு கேட்டா முதல்ல சொல்றதே இதைத்தான். ஆனா டிரான்ஸ்ஃபார்மர்ங்கறது வர்ற வோல்டேஜுக்கு ஏத்த மாதிரி போற வோல்டேஜையும் மாத்தும். சாயங்காலம் வோல்டேஜ் எறங்கி ட்யூப்லைட் கண்ணடிக்கும்போது இதுவும் எறங்கும். அமெரிக்காவுலேந்து சொந்தக்காரங்க கொண்டு வந்து குடுத்தா அது 110 வோல்ட் அடாப்டரா இருக்கும், இங்க 230ல சொருகினா அடாப்டர் போச்சு, கூட ஆம்ப்பும் போகலாம். எஸ்எம்பிஎஸ்ல ஒரு பின் கன்வெர்ட்டர் போட்டா போதும்.

அதவிட நம்ம ஆபீஸுக்கு முக்கியமானது யூபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும். சின்ன ஆபீஸ்கள்ல கம்ப்யூட்டருக்கு அடியில வச்சிருக்கற மலிவான யூபிஎஸ், பேட்டரிக்கு மாறினதும் சுத்தமான சைன் அலை குடுக்காது, படிக்கட்டு மாதிரி வெட்டின அலைதான் வரும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் அப்படித்தான். அந்தக் கரண்ட்ட டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டருக்குக் குடுத்தா அது ங்ங்ங்னு முனகும், சூடாகும், ஹெட்ஃபோன்லயும் அந்த முனகல் கேக்க வாய்ப்பிருக்கு. இன்வெர்ட்டர் ஓடறப்ப ஃபேன் ஒரு மாதிரி உறுமும் பாருங்க, அதே காரணம்தான். எஸ்எம்பிஎஸ் அடாப்டருக்கு இந்த அலை ஒரு பொருட்டே இல்ல. ஈபி மாதாந்திரப் பராமரிப்புன்னு பகல் பூரா கரண்ட் நிக்கற நாள்ல இன்வெர்ட்டர்லயே ஆபீஸ் ஓடும், அன்னிக்கு பாத்தீங்கன்னா இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும். அதனால நானும் மாப்ளயும் லிஸ்ட்ல மொதல்ல அடிச்சது இந்த ஏசி அடாப்டர் வகைய. அளவுல எவ்ளோ ஒசந்ததா இருந்தாலும் எங்க ரெண்டு எடத்துக்கும் அது ஒத்து வராது.

ட்யூப் ஆம்ப்பும் ரெண்டு பேரும் பாத்தோம், ஆசை யாருக்குத்தான் இல்ல. ஆனா அது வெளிய விடற சூடு மே மாசத்துல மேசை மேல வேண்டாம்னு அப்பவே விட்டாச்சு. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மாதிரி ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸ் வாங்கலாம்னு சில பேரு சொல்லுவாங்க, நல்ல மைக் வச்சு தினமும் மீட்டிங் பேசறவங்களுக்கு அது நல்ல யோசனைதான், மத்தவங்களுக்கு தேவையில்லாத குமிழ்கள். மைக்கும் வேணும் ஆம்ப்பும் வேணும், ஒரே பெட்டியா இருக்கணும்னா கிரியேட்டிவ் சவுண்ட் பிளாஸ்டர்எக்ஸ் ஜி6 பாருங்க, அது யூஎஸ்பிலயே ஓடும், மைக் ஜாக் உண்டு. ஃபியோ கே வரிசையில மைக் கெடையாது, அத வாங்கிட்டு மீட்டிங்ல முழிக்க வேண்டாம்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இன்னொரு வேலி, டிரைவர். நம்ம இஷ்டத்துக்கு சாஃப்ட்வேர் போட முடியாது, அட்மின் பாஸ்வேர்டு கேக்கும். 2017ல வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட்டுக்கு அப்புறம் யூஎஸ்பி ஆடியோ 2.0க்கு விண்டோஸ்லயே டிரைவர் இருக்கு, சொருகினா பாட்டு வரும். இன்னும் விண்டோஸ் 7லயே ஓட்டற ஆபீஸுங்க இருக்கு, அங்க யூஎஸ்பி ஆடியோ 1.0ல ஓடற சாமான் வேணும். பழைய ஈ10கே அப்படித்தான், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் டிரைவரே வேணாம், அதுக்கு மேல ஆபீஸ்ல யாருக்கு வேணும். கிளையண்ட் டேட்டா இருக்கற எடத்துல பென்டிரைவ் தடை பண்ணியிருப்பாங்க, சில எடத்துல எந்த யூஎஸ்பி சாமான் சொருகினாலும் பிளாக் ஆகிரும், வாங்கறதுக்கு முன்னாடி சிஸ்டம் பாக்கறவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க. அப்படி பிளாக் ஆகற எடத்துக்கு டாக்கே இல்லாத வெறும் அனலாக் ஆம்ப், பச்சை ஜாக்லேந்து ஒரு வயரு. அந்த வகையில ஐஃபை ஜென் கேன் எனக்குப் பிடிச்சது, அது 5 வோல்ட் டிசில ஓடுது, கெயின் 0, 6, 12, 18 டெசிபல்னு நாலு படி இருக்கு. 0ல வச்சா ஆபீஸ் சத்தத்துக்கு குமிழ நல்லா மேல ஏத்தியே கேக்கலாம்.

இப்ப நான் ஏன் கே11 வாங்கினேன். ஈ10கே மாதிரி ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு. ஆனா எங்க ஆபீஸ்ல எனக்குக் குடுத்திருக்கறது அசெம்பிள் பண்ணின பழைய கம்ப்யூட்டர், இரவல் வாங்கி சொருகிப் பாத்த ஒரு யூஎஸ்பி ஆம்ப்ல மவுஸ நகத்தினா கிர்ர்னு ஒரு சத்தம், பெரிய எக்ஸெல் ஃபைல் தொறந்தா அது இன்னும் ஏறுது. ஆம்ப் மேல தப்பில்ல, கம்ப்யூட்டரோட 5 வோல்ட்டும் கிரவுண்டும் அசுத்தமா இருக்கு, அதுலயே கரண்ட் எடுக்கற எந்த ஆம்ப்பும் அதக் குடிச்சுத்தான் ஆகணும். பின்பக்கம் பாத்தா மதர்போர்டுல ஆப்டிக்கல் அவுட் இருந்துச்சு, சதுரமா ஒரு ஓட்ட, உள்ள செவப்பா வெளிச்சம். கே11ல ஆப்டிக்கல் இன்புட் உண்டு. ஆப்டிக்கல் வயருல போறது வெளிச்சம் மட்டும்தான், கம்ப்யூட்டர் கிரவுண்டுக்கும் ஆம்ப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்ல, இரைச்சல் அங்கயே அறுந்துரும். டிரைவரும் வேணாம், யூஎஸ்பி தடையும் இதத் தொடாது. அடாப்டர் எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ்லயே சொருகியிருக்கேன், ஒரு முனகல் இல்ல.

பவர் பேலன்ஸ்டுல 1400 மில்லிவாட்னு அதுல போட்டிருக்கு, நான் அத தொட்டதே இல்ல. எனக்கு வேண்டியது அதோட வால்யூம் டிஜிட்டலா இருக்கறதும், முன்னாடி நம்பர் தெரியறதும், கெயின் லோல வைக்க முடியறதும். காலையில ஒரு நம்பர், பிரிண்டர் ஓடறப்ப ஒரு நம்பர்னு பழகிருச்சு, காலையிலேந்து சாயங்காலத்துக்குள்ள வால்யூம் தெரியாம ஏறிக்கிட்டே போறது நின்னுச்சு, அது ஏறினா நம்பர்ல தெரியுது. சத்தமான ரூம்ல இருக்கறவங்களுக்கு இது காதுக்கு நல்ல காவல். கே7 வாங்கியிருக்கலாமேன்னு மாப்ள கேட்டான், 2000 மில்லிவாட், அனலாக் இன்புட்டும் இருக்கும். என் மேசைக்கு அது அளவுலயும் பெருசு, காசுலயும் பெருசு, கெடைக்கற லாபம் என் ஹெட்ஃபோனுக்கு சுத்தமா ஒண்ணும் இல்ல.

மாப்ள கதை நேர் எதிர். அவன்கிட்ட இருக்கறது லேப்டாப், ரூம் அமைதி. அமைதியான ரூம்னா நல்ல பெரிய ஆம்ப் வைக்கலாமேன்னு நானே மொதல்ல சொன்னேன், அவன்தான் மழையக் காட்டினான். ஏற்காட்டுல கோடை மழையிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் இடி இடிச்சா ஆபீஸ்ல மொதல் வேலை எல்லா பிளக்கையும் புடுங்கறது, லேப்டாப் சார்ஜர், பிராட்பேண்ட் பெட்டி எல்லாம் கழட்டிருவாங்க. கரண்ட்டும் அடிக்கடி நின்னு நின்னு வரும். செவுத்துல மாட்டற ஆம்ப் அந்த நேரமெல்லாம் செத்துக் கெடக்கும், லேப்டாப் மட்டும் பேட்டரில ஓடிக்கிட்டிருக்கும். அப்ப லேப்டாப்லேந்தே உயிர் எடுக்கற சாமான்தான் அவனுக்கு வேணும். லேப்டாப் பேட்டரில ஓடறப்ப சார்ஜர் இரைச்சலும் கெடையாது. ஈரக்காத்து, மூடுபனின்னு குமிழ் வச்ச ஆம்ப்ல உள்ள துரு ஏறி கரகரன்னு வரும்னு பயமும் அவனுக்கு உண்டு, டாங்கிள்ல குமிழே இல்ல.

அப்ப ஆயிரம் ரூபா ஆப்பிள் டாங்கிளே போதுமே, ஏன் டான் ப்ரோ? அவன் கேக்கறது பூரா பழைய கச்சேரி ரெக்கார்டிங், நாதஸ்வரம், தனி ஆவர்த்தனம். அதெல்லாம் இப்ப வர்ற சினிமா பாட்டு மாதிரி உச்சத்துல பதிஞ்சிருக்காது, 15 டெசிபல் வரைக்கும் கீழ இருக்கறதும் உண்டு. அந்த 15ஐ ஆம்ப்தான் ஈடு கட்டணும். கால் வோல்ட் போதும்னு மேல போட்ட கணக்கு இங்க ஒன்றரை வோல்ட் கிட்ட போயிரும். ஒரு வோல்ட் டாங்கிள் தொடாது, ரெண்டு வோல்ட் தொடும். பவர் கூட வேணும்னு சொல்றதுக்கு இந்த மாதிரி ஒரு காரணம் இருந்தா நானும் ஒத்துக்குவேன், நீங்க கேக்கறது என்ன பாட்டு, எவ்ளோ கீழ பதிஞ்சதுன்னு பாத்துட்டு அப்புறம் வோல்ட்டப் பாருங்க.

வாங்கற எடம் பத்தி. உக்காந்து கேட்டுப் பாத்து வாங்கற மாதிரி கடை சேலத்துல எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஆன்லைன்தான். இந்தியாவுல வாரண்ட்டி குடுக்கற விற்பனையாளர்கிட்டயே வாங்குங்க, வெளிநாட்டுலேந்து நேரா வரவழைச்சா கஸ்டம்ஸ் கட்டறது ஒரு பக்கம், ரிப்பேர்னா திருப்பி அனுப்பற செலவு இன்னொரு பக்கம். ரிட்டர்ன் எடுப்பாங்களான்னு படிச்சிட்டு, வந்த அன்னிக்கே உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சொருகி, பாட்டு எதுவும் போடாம வால்யூம வழக்கமா கேக்கற அளவுக்கு வச்சு, மவுஸ ஆட்டி, ஒரு பெரிய ஃபைல காப்பி பண்ணி, லேப்டாப்னா சார்ஜர சொருகியும் கழட்டியும் கேளுங்க. சார்ஜர் சொருகினப்ப ஆம்ப்போட உலோக உடம்புல விரல் வச்சா ஜிவ்வுனு இருந்தா அது எர்த் இல்லாத ரெண்டு பின் சார்ஜர்னால, மூணு பின் சார்ஜரும் ஒழுங்கா எர்த் குடுத்த பிளக்கும் இருந்தா நின்னுரும். டாங்கிள் வாங்கறவங்க லேப்டாப்ல நேரா தொங்க விடாம ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயரு போட்டு மேசை மேல படுக்க வைங்க, ஹெட்ஃபோன் வயரு இழுபட்டா லேப்டாப் போர்ட்தான் மொதல்ல லூஸாகும், அத மாத்தற செலவுல இன்னொரு டாங்கிளே வாங்கிரலாம்.